மகள் பந்து விளையாடப் போகிறேன் என்கிறாள்: லண்டன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் வடமேற்கு லண்டனில் ஒரு பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டக் குழுவுக்கு நான் பதிவு வேலை செய்கிறேன். பெயர் எழுதுவது, தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து வைப்பது, தோற்றுவிட்டு அழும் பிள்ளையைத் தேற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். குழுவில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் தமிழ் என்று கண்டதும் அம்மாக்கள் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுக் கதைப்பார்கள். எட்டு வருடமாக அநேகமாக அதே கேள்விகள்தான். அம்மா காரை நிறுத்தப் போன இடைவெளியில் பிள்ளைகளும் கேட்பார்கள். அவற்றையும் நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நானும் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையாக வந்து வெம்பிளியில் வளர்ந்தவள். 14 வயதில் விளையாட்டை விட்டேன். ஏன் என்பது கீழே வரும். பெற்றோருக்கு எழுதும்போது ‘நீங்கள்’ என்றும், பிள்ளைகளுக்கு எழுதும்போது ‘நீ’ என்றும் எழுதியிருக்கிறேன்.

உதைபந்தாட்டம் ஆண் பிள்ளைகளின் விளையாட்டுத்தானே? வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சரி, எங்களுக்கு ஒத்து வருமா?

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் இது சும்மா கிடைக்கவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் உள்ள குடிசன் பார்க் மைதானத்தில் இரண்டு பெண்கள் அணிகள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம், 1921 டிசம்பர் 5 அன்று, உதைபந்தாட்டம் பெண்களுக்கு உகந்ததல்ல என்று சொல்லி, தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதை இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தடை செய்தது. அந்தத் தடை போவதற்கு ஐம்பது வருடம் ஆனது. “பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?” என்று உங்கள் அம்மா கேட்கும் அதே கேள்வியை இந்த நாட்டுப் பாட்டிகளும் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். பிறகு 2022 ஜூலை 31 அன்று, எங்கள் சனம் நிறைந்திருக்கும் அதே வெம்பிளியில், 87,192 பேர் பார்க்க இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தார்கள். ஈலிங் ரோட்டில் காய்கறி வாங்கப் போனவர்களுக்கும் அன்றைய சத்தம் நினைவிருக்கும்.

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண். போர்க்காலத்தில் வளர்ந்தவர். 208 சென்டிமீட்டர் உயரம். அவரைக் கொண்டு இலங்கை 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அம்மம்மாவிடம் பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த இல்லத்துக்கு ஓடினார், அஞ்சலோட்டத்தில் யார் தடியை விட்டார், எந்த ரீச்சர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கத்தினார், எல்லாம் வரும். ஊரில் எங்கள் பெண்கள் ஓடினார்கள், பாய்ந்தார்கள், வலைப்பந்து விளையாடினார்கள். லண்டனுக்கு வந்த பிறகுதான் அது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லத் தொடங்கினோம்.

சனம் என்ன சொல்லும்?

சொல்லும். சொல்லாது என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். கலியாண வீட்டில் ஒரு மாமி, “என்ன, மகளைப் பெடியன் மாதிரி வளர்க்கிறியள்?” என்று கேட்பார். பதிலை முதலே யோசித்து வைத்திருங்கள். ஒரு தகப்பன் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: “ஓம், நல்லா விளையாடுறாள். வாற ஞாயிறு மேட்ச் இருக்கு, வந்து பாருங்கோவன்.” அந்த மாமி வரவில்லை. ஆனால் மறுபடியும் கேட்கவும் இல்லை.

மகள் பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் கூச்சப்பட்டுச் சிரித்து மழுப்பினால், மாமி சொன்னதைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலிக்கும்.

படிப்பு கெடாதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது சின்னப் பயம் அல்ல. காணி போனது, வீடு போனது, அண்ணன் தம்பி திசைக்கொன்றாகப் போனார்கள். யாரும் பறிக்க முடியாமல் மிஞ்சியது படிப்பு ஒன்றுதான். அதை வைத்துத்தான் இந்த நாட்டில் எழும்பி நின்றோம். அப்படிப்பட்டவர்களிடம் போய் “படிப்பு மட்டுமே வாழ்க்கையா?” என்று கேட்பது நியாயமில்லை. ஆகவே மணித்தியாலத்தை எண்ணிப் பார்ப்போம்.

உள்ளூர்க் குழுவில் விளையாடும் 12 வயதுப் பிள்ளைக்குக் கிழமையில் ஒரு பின்னேரப் பயிற்சி, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். ஒரு போட்டி, போக்குவரத்தோடு மூன்று மணித்தியாலம். மொத்தம் நாலரை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது கிழமைக்கு ஏழு மணித்தியாலம். குழுவுக்குப் போகும் பிள்ளைகூட அந்தக் கணக்கை நிரப்பவில்லை.

உண்மையான இடைஞ்சல் எங்கே என்றால், போட்டிப் பருவம் செப்டம்பரில் தொடங்கி வசந்தம் வரை போகும். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. சோதனை மே, ஜூனில். பெரிய சோதனையோடு அவ்வளவு மோதல் இல்லை. மோதுவது மாதிரிச் சோதனைகள்தான். பல பள்ளிக்கூடங்களில் நவம்பர் முதல் பெப்ரவரிக்குள் அவை வரும். அந்த நேரம் இருட்டு, குளிர், தடிமன், பயிற்சி எல்லாம் ஒன்றாக வந்து விழும். அதற்கான ஒழுங்கை செப்டம்பரிலேயே பேசி முடியுங்கள். மாதிரிச் சோதனை நடக்கும் இரண்டு கிழமைக்குப் பயிற்சி இல்லை, போட்டி மட்டும் உண்டு என்று பயிற்சியாளரிடம் சொன்னால் அநேகமாக எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள்.

ஒரு வேண்டுகோள். புள்ளி குறைந்ததற்குத் தண்டனையாகப் போட்டியை நிறுத்தாதீர்கள். தொலைபேசியை எடுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு “நாளைக்கு அவள் வரமாட்டாள்” என்று செய்தி அனுப்பினால், தண்டனை கிடைப்பது மற்றப் பத்துப் பிள்ளைகளுக்கும்தான். மூன்றாம் தடவை அப்படி நடந்தால் பயிற்சியாளர் அவளை நம்பி அணி போடமாட்டார்.

பெரிய கழகத்தின் பயிற்சி மையத்துக்குத் தெரிவானால் கதை வேறு. கிழமையில் மூன்று நாலு நாள் போக வேண்டி வரலாம். அப்போது படிப்பையும் விளையாட்டையும் ஒன்றாக வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். முடியாத காரியம் அல்ல. ஈஷா குஹாவின் பெற்றோர் கொல்கத்தாவிலிருந்து வந்தவர்கள். அவர் 2009இல் இங்கிலாந்துக்காக உலகக் கிண்ணம் வென்ற கிரிக்கெட் அணியில் பந்து வீசினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உயிர்வேதியியலும் நரம்பியலும் படித்தவர். நாடியா நதீம் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் பிறந்தவர். தகப்பனைத் தலிபான்கள் 2000இல் கொன்ற பிறகு தாயோடும் சகோதரிகளோடும் டென்மார்க்குக்கு அகதியாக வந்தார். அகதி முகாமில்தான் பந்தை உதைக்கப் பழகினார். டென்மார்க் தேசிய அணிக்காக 2017 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். 2022இல் வைத்தியப் படிப்பையும் முடித்தார். “டாக்டரா, பந்தா?” என்று வீட்டில் கேட்டால் இந்தப் பெண்ணின் கதையைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், பின்னேரம் பரதநாட்டியம். இதில் பந்து எங்கே?

சேரும் முன்பு குழுவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: உங்கள் லீக் சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிறு ஆடும் லீக்குகள் நிறைய உண்டு. இதைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, ஒக்டோபரில் வந்து தமிழா பந்தா என்று பிள்ளையைத் தெரிவு செய்யச் சொல்வது பாவம். அவள் எதைத் தெரிவு செய்தாலும் ஒருவரை ஏமாற்றியது போல் உணர்வாள்.

நாட்டியத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அரைமண்டியில் வருடக்கணக்காக நின்ற பிள்ளையின் தொடையும் சமநிலையும் மைதானத்தில் தெரியும். எங்கள் குழுவில் உடம்பைத் தாழ்த்தித் திரும்புவதில் கெட்டிக்காரி ஆறு வயதிலிருந்து சலங்கை கட்டியவள். இரண்டும் எதிரி அல்ல. அரங்கேற்ற வருடத்தில் மட்டும் இரண்டையும் முழுதாகச் செய்ய முடியாது. அந்த வருடம் எது பின்னுக்குப் போகட்டும் என்பதை அவளே சொல்லட்டும். மண்டபத்துக்குக் காசு கட்டிவிட்டோம் என்பதால் மட்டும் அரங்கேற்றம் முன்னுக்கு வரக்கூடாது.

கட்டைக் காற்சட்டை போட்டுத்தான் ஆக வேண்டுமா?

இல்லை. காற்சட்டைக்குள் முழுநீள லெக்கிங்ஸ் போடலாம், உடுப்பின் நிறத்தோடு ஒத்துப் போனால் நல்லது. தலையை மூடி விளையாடுவதற்கு உலக அளவில் 2014இலேயே விதி அனுமதி கொடுத்துவிட்டது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இதைக் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். உள்ளூர்க் குழுக்களில் பிள்ளைகள் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு வருவார்கள், அப்படியே வீட்டுக்குப் போய்க் குளிப்பார்கள். பொதுவில் உடை மாற்ற வேண்டி வராது.

ஒரு வருடம் லெக்கிங்ஸோடு ஆடிய பிள்ளை அடுத்த வருடம் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்போது மறுபடியும் பேசுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் தீர்க்கத் தேவையில்லை.

தோடு, மூக்குத்தி, கொலுசு?

எல்லாம் கழற்ற வேண்டும். ஆட்ட விதி 4 எந்த நகையையும் விடாது. மேலே டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. இதைத் தெரியாமல் ஒவ்வொரு செப்டம்பரும் ஒரு பிள்ளை கோட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறாள். புதிதாகக் காது குத்தினால் தோட்டைப் பல கிழமைகளுக்குக் கழற்ற முடியாது. ஆகவே பருவம் முடிந்த கையோடு குத்துங்கள், ஓகஸ்டுக்குள் ஆறிவிடும். கோயிலில் கட்டிய நூலைச் சில நடுவர்கள் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். ஆட்டத்துக்கு முன்பே காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அவள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். இனியும் விளையாடலாமா?

எங்கள் பிள்ளைகள் விளையாட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்து, சேலை உடுத்தி, படம் எடுத்து, எல்லோரும் வாழ்த்திப் போன பிறகு வீட்டின் பேச்சு மெல்ல மாறும். “இனி ஓடித் திரியாதே” என்று யாராவது ஒருவர் சொல்வார். விழா அவளைக் கொண்டாடத்தான் வைத்தது. அது முடிந்த கையோடு அவளிடமிருந்து ஒன்றைப் பறித்தால், அவள் அந்த விழாவை எப்படி நினைவு வைத்திருப்பாள்?

உடம்பு சார்ந்து சொன்னால், மாதவிடாய் நாட்களில் ஓடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. பலருக்கு வயிற்று நோ குறையும். அதிகம் நோகும் பிள்ளை ஓய்வெடுக்கட்டும், அதுவும் சரிதான். துடக்கு என்று கோயிலுக்குப் போகாதது உங்கள் வீட்டு வழக்கம். மைதானத்தில் சாமி இல்லை.

பிள்ளைகள் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு: வெள்ளைக் காற்சட்டை. இது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பயமும் அல்ல. இங்கிலாந்துத் தேசிய அணிப் பெண்களே இதைச் சொன்ன பிறகு, 2023இல் அவர்களின் வெள்ளைக் காற்சட்டை நீலமானது. உங்கள் குழுவின் உடுப்பு வெள்ளை என்றால் அம்மாக்கள் சேர்ந்து கேளுங்கள். நாங்கள் கேட்டோம். அடுத்த பருவம் கறுப்பு வந்தது. பையில் ஒரு சின்ன உறையில் மேலதிகப் பேட், உள்ளாடை, கறுப்பு லெக்கிங்ஸ் எப்போதும் இருக்கட்டும். எங்கள் முதலுதவிப் பெட்டியிலும் வைத்திருக்கிறோம், எடுக்கும் பிள்ளை யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

வெயிலில் கறுத்துப் போவாளே?

இது லண்டன். செப்டம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான போட்டிகள் மேகத்துக்குக் கீழேதான். எங்கள் தோல் நிறத்தவர்கள் வருடம் முழுக்க ஒவ்வொரு நாளும் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்லி இந்த நாட்டு அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். அறிவுறுத்துகிறது. வெயில் போதாததுதான் இங்கே எங்கள் பிரச்சினை. கோடை காலத்தில் சன்ஸ்கிரீன் பூசிவிடுங்கள். பிள்ளையின் நிறத்தைக் குறையாகச் சொல்லும் பேச்சை மட்டும் வீட்டில் நிறுத்துங்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

காயம் பட்டால்?

படும். சிராய்ப்பு, வீக்கம், எப்போதாவது கை முறிவு. நான் கவலைப்படுவது முழங்காலைப் பற்றி. முழங்காலுக்குள் முன்பக்கம் குறுக்கே போகும் தசைநார் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம், அதுவும் பதின்ம வயதில். கிழிந்தால் பல மாதம் போய்விடும். ஆனால் அதைக் குறைக்க வழி உண்டு. ஃபிஃபா 11 பிளஸ் என்று 20 நிமிட உடல் சூடேற்றும் பயிற்சித் தொகுதி இருக்கிறது. ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து மெதுவாக இறங்குவது போன்றவை. ஒழுங்காகச் செய்யும் குழுக்களில் காயம் தெளிவாகக் குறைந்திருக்கிறது. குழுவில் சேர்க்கும்போது “என்ன சூடேற்றல் செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டு சுற்று ஓடிவிட்டுத் தொடங்குகிறோம் என்றால் எனக்குத் திருப்தியில்லை.

விரத நாட்களில் என்ன செய்வது?

கந்தசஷ்டி ஆறு நாளும் போட்டிப் பருவத்துக்கு நடுவே வரும். வளரும் பிள்ளை பட்டினியாக இருந்து ஓடக்கூடாது. விரதம் பிடிக்க அவள் ஆசைப்பட்டால் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு அந்தக் கிழமை பயிற்சியைக் குறைக்கட்டும். மயங்கி விழுந்த ஒரு பிள்ளையை நான் தூக்கியிருக்கிறேன். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது பயிற்சியாளருக்குத் தெரியாது.

விரதத்தைவிட அன்றாடக் கவனம் இரும்புச்சத்து. 11 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 14.8 மில்லிகிராம் வேண்டும். மரக்கறி வீடுகளில் கீரை, பருப்பு, கடலை தாராளமாக இருக்கட்டும். மேலே தேசிக்காய் பிழிந்துவிட்டால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் கொடுப்பதை நிறுத்துங்கள், அது இரும்பை உறிஞ்ச விடாது. எப்போதும் களைப்பாக இருக்கும் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பயிற்சியாளர் ஆண். நம்பி விடலாமா?

கேட்பது உங்கள் உரிமை. இங்கே பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவருக்கு டி.பி.எஸ். என்ற குற்றப்பின்னணிச் சோதனை கட்டாயம். பிள்ளைகள் ஆடும் ஒவ்வொரு கழகத்திலும் பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் பெயரைக் கேட்டுத் தொலைபேசியில் சேமித்து வையுங்கள். பயிற்சியாளர் பிள்ளையோடு தனியாகச் செய்தி பரிமாறக்கூடாது, தனியாகக் காரில் ஏற்றக்கூடாது. எல்லாம் பெற்றோர் வழியாகத்தான். இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிக்கும் கழகம் வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு: போய் நில்லுங்கள். தகப்பன்மார் முதல் மாதம் காருக்குள்ளேயே இருப்பார்கள். பிறகு கார்க் கதவில் சாய்ந்து நிற்பார்கள். குளிர் கூடக் கூட மைதானத்து எல்லைக்கோட்டுப் பக்கம் வருவார்கள். இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் நேரே வந்து, தடித்த கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, பந்து மகளிடம் போகும்போது மட்டும் ஓர் அடி முன்னால் வைக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை கத்தியதில்லை. மகள் கோல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் முதலில் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அண்ணாவை விடுகிறார்கள். என்னை விடமாட்டார்கள். என்ன செய்ய?

தங்கச்சி, இது அநியாயம்தான். அதை அநியாயம் என்று நினைப்பதற்கு நீ குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. ஆனால் “அண்ணாவை மட்டும் ஏன்?” என்று சண்டையில் கேட்டால் பேச்சு அண்ணாவைப் பற்றிப் போய்விடும். வேறு மாதிரிக் கேட்டுப் பார்: “அண்ணாவுக்கு என்ன நிபந்தனை போட்டீர்களோ, அதையே எனக்கும் போடுங்கள்.” எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும், யார் கூட்டிப் போவது, என்ன புள்ளி எடுக்க வேண்டும். எழுதிக் கொடு. அண்ணாவையும் உன் பக்கம் எடு. ஒரு அண்ணன் “நான் கூட்டிக்கொண்டு போறன்” என்று சொன்னதால் திறந்த கதவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உன் பக்கத்தில் பெண்பிள்ளைகள் குழு இல்லாவிட்டால், 18 வயது வரை பிள்ளைகள் கலந்து ஆடும் அணிகளுக்கும் இங்கே அனுமதி உண்டு. வீட்டில் சம்மதம் எடுப்பது அதற்குக் கொஞ்சம் கடினம், தெரியும்.

பெற்றோருக்கும் ஒன்று. போட்டி முடிந்து வந்த மகன் சோபாவில் படுத்திருக்க, போட்டி முடிந்து வந்த மகள் வெங்காயம் உரிக்கிறாளா? அதை முதலில் கவனியுங்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் பள்ளிக்கூட அணியில் விளையாடுகிறேன். பிழையா?

நானும் அப்படித்தான் விளையாடினேன். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டுப்பாட வகுப்பு என்று சொன்னேன். சேறு பட்ட மேசுகளை, அதாவது காலுறைகளை, என் அறை ஹீட்டருக்குப் பின்னால் காயப் போடுவேன். காய்ந்ததும் மண்ணை உதிர்த்துப் பையில் வைப்பேன். ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் பையைத் திறந்தால் புவியியல் புத்தகத்துக்குக் கீழே மேசு இருந்தது. தோய்த்து, உலர்த்தி, ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு எட்டு மாதம் ஒவ்வொரு கிழமையும் அப்படித்தான் நடந்தது.

பிறகு ஒரு மாமா என்னைப் பஸ் தரிப்பில் விளையாட்டு உடுப்போடு கண்டு அப்பாவிடம் சொன்னார். அப்பா கத்தவில்லை. “என்னட்டைச் சொல்லியிருக்கலாமே” என்றார், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடிந்து எதற்கும் நிற்கக்கூடாது என்று ஆனது. எனக்கு 14 வயது. கேட்டிருந்தால் அவர் ஓம் என்றிருப்பாரா, இல்லை என்றிருப்பாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இப்போது இல்லை. பந்தைவிட அந்தக் கேள்விதான் என்னோடு மிஞ்சி நிற்கிறது.

அதனால் சொல்கிறேன்: ஒருவருக்காவது சொல். அம்மாவுக்கு முடியாவிட்டால் சித்திக்கு, அம்மம்மாவுக்கு. கழகத்தில் சேரப் பெற்றோர் சம்மதம் எப்படியும் வேண்டும். உனக்கு அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது என்று பள்ளிக்கூடத்துக்கும் தெரிய வேண்டும். சொல்லும்போது பயிற்சி நாள், முடியும் நேரம், கூட்டி வருபவர் பெயர் எல்லாம் எழுதிய தாளோடு போ. அப்பா வேலையால் வந்து சாப்பிட்டு முடித்த பிறகு கேள், சாப்பிடும்போது கேட்காதே.

சொன்னால் அடி விழும் என்ற நிலை உன் வீட்டில் இருந்தால், இது பந்தைப் பற்றிய விஷயம் அல்ல. நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல். பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்ட்லைன் எண் 0800 1111. காசு இல்லை, தொலைபேசிக் கட்டணச் சிட்டையிலும் வராது.

இதில் எதிர்காலம் உண்டா?

இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக் 2018இலிருந்து முழுத் தொழில்முறை லீக். ஆனாலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் மிகச் சிலரே அங்கே போவார்கள். உங்கள் மகளும் போவாள் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். திறமை இருந்தால் 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு வளரும் திறமை மையங்கள் உண்டு, பயிற்சியாளரே வழி காட்டுவார். பதினாறுக்குப் பிறகு படித்துக்கொண்டே விளையாடும் திறமைசாலிகளுக்குப் புலமைப்பரிசில் திட்டங்கள் உண்டு. விளையாட்டு மருத்துவம், பிசியோதெரபி, நடுவர் வேலை, பயிற்சியாளர் வேலை என்று சுற்றிவரப் பல கதவுகள்.

சென்னையிலிருந்து மெல்பேர்னுக்குக் குடியேறிய பெற்றோரின் மகள் அலானா கிங், லெக் ஸ்பின் போட்டு 2022 உலகக் கிண்ணத்தை வென்ற ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியில் இருந்தார். அப்படி நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது.

நாளைக்குக் கலியாணம் பேசும்போது?

மகள் பந்து விளையாடினாள் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லும் வீடு, அவள் பிந்தி வந்தாலும் கேட்கும், வேலைக்குப் போனாலும் கேட்கும். முன்கூட்டியே தெரிந்தது நல்லதுக்கு.

அப்பா ஓம் என்றுவிட்டார்! நாளை முதல் பயிற்சி. என்ன கொண்டு போக?

முன்காலைக் காக்கும் ஷின் பேட், அது இல்லாமல் விடவே மாட்டார்கள். அதை மூடும் நீள மேசு. அடியில் ரப்பர்க் குமிழ் வைத்த சப்பாத்து. இரும்புக் குமிழ் செயற்கைப் புல்லில் ஆகாது. வளரும் கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்க அம்மாவை விடாதே, கால் உள்ளே வழுக்கும். தண்ணீர், தலைமயிர் கட்ட இரண்டு பட்டி, ஒரு மழைக் கோட்டு. தோட்டை இன்றிரவே கழற்றி வை. காலைக் குளிரில் விரல் விறைத்துவிடும், திருகு கழராது.